பெயர் ஒட்டிய இரண்டு பாட்டில்கள்

அந்த வீட்டில் ஒருவர் எதையாவது கட்டி வைத்தால் இன்னொருவர் அதைப் பிரித்துப் பார்த்தே தீர வேண்டும். கட்டியவருக்குக் கட்டத் தெரியாது என்பது மற்ற எல்லாருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. பழைய துணி மூட்டையானாலும் சரி, பயணப் பெட்டியானாலும் சரி, குறைந்தது இரண்டு கை மாறாமல் அது வாசலைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு ஒயின் பாட்டில்களைக் கட்டி, உடையாமல் கசியாமல் கப்பலில் கொண்டு போய்ச் சேர்க்கும் பொறுப்பு, எல்லாரையும் விட்டுவிட்டு சின்னவள் தலையில் வந்து விழுந்தது.

சின்னவளுக்கு வீட்டில் "தடால்" என்று பெயர். அப்பா வைத்தது. சின்ன வயதில் அவள் கையில் எதைக் கொடுத்தாலும் அடுத்த நிமிடம் அந்தச் சத்தம்தான் கேட்குமாம். இப்போது அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கண்ணாடியைத் துடைப்பதும் சட்டத்தில் பொருத்துவதும்தான் பிழைப்பு. ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை. அதை எவ்வளவு சொன்னாலும் வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. பட்டப்பெயர் பட்டப்பெயராகவே நின்றுவிட்டது.

பாட்டில்களைக் கொடுத்தது மாமா, அக்காவின் கணவர். இன்ஜினியர் வேலையை உதறிவிட்டு, நண்பர் ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தில் சேர்ந்து ஒயின் தயாரிக்கப் போனவர். அவருடைய அப்பாவுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. "படிச்ச படிப்பையெல்லாம் பீப்பாயில ஊத்திட்டான்" என்று சொன்னவர், அதற்குப் பிறகு மகனோடு மழையைப் பற்றிப் பேசுவார், மூட்டு வலியைப் பற்றிப் பேசுவார், தொழிலைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இந்த வருடம்தான் மாமா தானே முழுக்க முழுக்கச் செய்த ஒயின் பாட்டிலுக்கு வந்திருந்தது. அதில் இரண்டை எடுத்து வந்து, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் சின்னவளிடம் நீட்டினார்.

"இந்த ரெண்டுக்குத்தான் லேபிள் ஒழுங்கா வந்திருக்கு. மத்ததெல்லாம் எழுத்து கலைஞ்சு போய் வந்துது, அச்சகத்துக்கே திருப்பி அனுப்பிட்டேன். தோட்டத்துல எல்லாம் மொட்டையா நிக்குது."

கழுத்தில் தங்க நிற சீல் உறை. சின்னவள் லேபிளைப் பார்த்தாள். வெள்ளைத் தாள். ஒரு திராட்சை இலை. அதற்குக் கீழே, தயாரித்தவர் என்று போட்டு மாமாவின் பெயர், அவர் அப்பாவின் முதலெழுத்தோடு.

"கப்பல்ல முதல் நாள் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அப்பா முன்னாடி வைக்கப் போறேன். வீட்டுல வெச்சா எழுந்து போயிடுவார். கப்பல்ல எங்க போவார், கடல்லயா குதிப்பார்? என் பேரைப் படிச்சுத்தான் ஆகணும்."

அதற்காகத்தான் அந்தக் கப்பல் பயணமே. இரண்டு குடும்பமும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. மாமாவும் அக்காவும் போய், அவருடைய அப்பா அம்மாவை விமானத்தில் கூட்டிக்கொண்டு நேராகத் துறைமுகத்துக்கு வருவார்கள். விமானத்தில் பாட்டிலைக் கையில் கொண்டுவர விடமாட்டார்கள். அதைவிட முக்கியம், அவர் அப்பா வீட்டுக்குள் அது நுழையவே முடியாது. ஆகவே துறைமுகம் இருக்கிற ஊரிலேயே குடியிருக்கும் மாமனார் வீட்டில் விட்டுப் போகிறார்.

"தடால்கிட்டயா குடுக்கறீங்க?" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மேஜைக்கு மூடி மட்டும்தான் வந்து சேரும்."

"அவ சரியாச் செய்வா" என்றார் மாமா.

அவ்வளவுதான் சொன்னார். இருபத்து மூன்று வயது வரை அந்த வீட்டில் யாரும் தன்னைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை என்று சின்னவளுக்குத் தோன்றியது. உயிரே போனாலும் இந்த இரண்டு பாட்டிலும் லேபிள் கசங்காமல் அந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

கப்பல் கம்பெனியின் விதிமுறைகளை ஃபோனில் எடுத்து, வீட்டார் எல்லாரும் இருக்கும்போது உரக்கப் படித்தாள். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவரலாம். கம்பெனி சீல் உடையாமல், லேபிளோடு இருக்க வேண்டும். கூலியாளிடம் கொடுத்தனுப்பும் பெட்டியில் வைக்கக்கூடாது, கையில் எடுத்துவரும் பையில்தான் வைக்க வேண்டும். நுழைவாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

அப்பா ஒரு சூட்கேஸின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அம்மா மிக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தாள். மிக்ஸி நின்ற நேரத்தில் கடைசி வாக்கியம் மட்டும் அவள் காதில் விழுந்தது.

"திறந்து பார்ப்பாங்களா? எல்லார் முன்னாடியுமா?"

"ஆமாம்மா. அதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? மேல் வீட்டுக்காரங்களும் அதே கப்பல்ல வர்றாங்கடி. அந்தம்மா கழுகுக் கண்ணு."

அம்மாவின் கவலைக்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் "ஜூஸ் கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தாள். சொந்தத்தில் ஒருவர் அதை நம்பி, வீட்டு விசேஷத்துக்கு இரண்டு பெட்டி ஜூஸ் அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்டு, அனுப்பாததால் இன்றுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்போ ஒண்ணை நீ வெச்சுக்கோ, ஒண்ணை நான் வெச்சுக்கறேன். ஆளுக்கு ஒண்ணு கணக்கு" என்றாள் சின்னவள்.

"நானா? நான் அதைக் கையால தொடமாட்டேன்" என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

சின்னவள் தானே கட்டினாள். முதலில் ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள், தப்பித்தவறிக் கசிந்தாலும் துணி நனையாது. லேபிள் உரசாமல் அதன்மேல் வெண்ணெய்த்தாள் சுற்றினாள். பிறகு அப்பாவின் கம்பளிக் காலுறையை எடுத்து, குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல் அடிவரை இழுத்து மாட்டினாள். அதற்கு மேல் குமிழ் பிளாஸ்டிக், கழுத்துப் பகுதியில் மட்டும் இரண்டு சுற்று அதிகம், ஏனென்றால் பாட்டில் உடைந்தால் கழுத்தில்தான் முதலில் உடையும். சக்கரம் வைத்த சின்னப் பையின் நடுவில் துவாலையால் மெத்தை கட்டி, ஒன்றோடொன்று முட்டாமல் நடுவே ஒரு ஸ்வெட்டரைத் திணித்தாள். மூடித் தூக்கிக் குலுக்கினாள். காதை வைத்துக் கேட்டாள். க்ளிங் என்று ஒரு சத்தம் வரவேண்டுமே! வரவில்லை.

அவளுக்கே அவள்மேல் மரியாதை வந்தது.

அந்த மரியாதை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தால் அப்பா பையைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா!"

"கத்தாதே. என் காலுறையைக் காணோம்னு தேடினேன். இதுக்குள்ள இருக்கு."

"வேற காலுறை இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. ஆனா இது நல்ல காலுறை. சரி, இருக்கட்டும். ஆனா நீ படுக்க வெச்சிருக்கே. பாட்டிலை நிக்கத்தான் வைக்கணும்."

"பையை இழுத்துட்டுப் போகும்போது எப்படியும் சாயத்தானேப்பா செய்யும்?"

"அப்போ சாயாம இழு."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கட்டினாள். கிளம்புவதற்கு முந்தின நாள், கடையில் விடுப்புச் சொல்லி வேலையை ஒப்படைக்கப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். வந்ததும் பையைத் திறந்தாள். மேலே ஒட்டியிருந்த டேப் நிறம் மாறியிருந்தது. அவள் ஒட்டியது வெள்ளை டேப், இது பழுப்பு.

"யாரு பையைத் தொட்டது?"

"நான்தான்" என்றார் அப்பா, தயங்காமல். "இன்னொரு துவாலை வெச்சேன். உன் நல்லதுக்குத்தான்."

"தயவு செஞ்சு, ரெண்டு பேரும் காது குடுத்துக் கேளுங்க. இனிமே இந்தப் பையை யாரும் தொடாதீங்க. மூச்சுக்கூட விடாதீங்க இதுமேல."

அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "நாங்க எதுக்குத் தொடறோம்" என்றாள்.

சின்னவள் தூக்கிக் குலுக்கினாள். சத்தம் இல்லை. சரி, அப்பாவின் துவாலையும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கே பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் கட்டியதைப் பிரித்துப் பார்க்கிற அந்த வீட்டு வியாதி தனக்கும் வந்துவிடக்கூடாது என்று வீம்பு.

துறைமுகக் கூடத்தில் கூட்டம் முட்டி மோதியது. கூலியாள் ஒருவர் அவர்களுடைய பெரிய பெட்டிகளை மளமளவென்று வண்டியில் ஏற்றினார். சின்னவளின் பையிலும் கை வைத்தார்.

"இது வேண்டாங்க. இது கையில."

"குடுத்துடேன்டி. எதுக்குச் சுமக்கறே?" என்றாள் அம்மா. அவள் குரலில் ஒரு கெஞ்சல் இருந்ததை சின்னவள் கவனித்தாள். காரணம்தான் புரியவில்லை.

"கூலியாள் பெட்டியில வைக்கக்கூடாதும்மா. எத்தனை தடவை சொல்றது!"

வரிசை ஆமை நகர்வதுபோல் நகர்ந்தது. அப்பா பத்தடிக்கு ஒருமுறை பாஸ்போர்ட் இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். அம்மா, மேல் வீட்டம்மா முன்னால் போய்விட்டாளா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். போய்விட்டாள். அம்மா பெருமூச்சு விட்டாள். அவர்களுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டிய தூரத்தில், மாமாவும் அக்காவும் சம்பந்திகளோடு வரிசையில் வந்து சேர்ந்தார்கள். மாமா கையைத் தூக்கி, "பத்திரமா?" என்று சைகையில் கேட்டார். சின்னவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் பையைத் தானே தூக்கிச் சோதனை இயந்திரத்தின் ஓடும் பட்டைமேல் வைத்தாள், தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல்.

பை இயந்திரத்துக்குள் போயிற்று. பட்டை நின்றது. சோதனை செய்யும் பெண் அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்றார்.

"என்னோடது. ஒயின் பாட்டில் ரெண்டு. ஒண்ணு என் கணக்கு, ஒண்ணு அப்பா கணக்கு. அனுமதிச்ச அளவுதான்."

"திறங்க."

டேப்பை உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. துவாலை, ஸ்வெட்டர், மறுபடி துவாலை, குமிழ் பிளாஸ்டிக். பின்னால் நின்ற ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "உள்ள பாட்டில் இருக்கா, இல்லை சுத்தினது மட்டும்தானா?" வரிசை சிரித்தது. சின்னவள் காது சிவந்தது. கடைசியில் காலுறையை உருவினாள்.

பிளாஸ்டிக் உறையும் வெண்ணெய்த்தாளும் இல்லை. திராட்சை இலை இல்லை. மாமாவின் பெயரும் இல்லை. வழவழவென்று மொட்டைப் பாட்டில். கழுத்தில் இருந்த தங்க நிற உறையும் போய், தக்கைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. வயிற்றில் ஒரு சின்ன ஸ்டிக்கர். சமையலறையில் மிளகு, சீரகம் என்று டப்பாக்களுக்கு எழுதி ஒட்டுவார்களே, அதே ஸ்டிக்கர். அதே கோணல் எழுத்து. "திராட்சை ஜூஸ்."

இன்னொரு பாட்டிலையும் உருவினாள். அதிலும் அதே.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

"ஒயின்" என்றாள் சின்னவள்.

"ஜூஸ்" என்றாள் அம்மா, அதே நொடியில்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"அம்மா! என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"கத்தாதடி. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! லேபிள் எங்க?"

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஊற வெச்சேன். நேத்து நீ கடைக்குப் போனப்போ. வெதுவெதுப்பான தண்ணியில போட்டதும் தானா வழுக்கிட்டு வந்துடுச்சு. அப்புறம் தொட்டியில கிழிஞ்சு கூழாப் போச்சு. ஒட்டின பசை லேசுல போகலை தெரியுமா, நகமே தேஞ்சு போச்சு எனக்கு."

நகம் தேய்ந்ததற்கு அனுதாபம் வேறு எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சின்னவளுக்குத் தலை சுற்றியது. எத்தனை அடுக்கு துணி, எத்தனை முறை குலுக்கல், எவ்வளவு கவனம். கண்ணாடி உடையாமல் காப்பாற்றினாள். யாரும் உடைக்க முடியாதபடி காப்பாற்றினாள். உடைக்காமலே கெடுக்க முடியும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லையே!

"மேடம், இது உண்மையிலேயே ஒயின்தான். லேபிள் இருந்துது. இவங்க எடுத்துட்டாங்க."

"அது சரிம்மா. ஆனா சீல் இல்லை, லேபிள் இல்லை, ஜூஸ்னு கையால எழுதி ஒட்டியிருக்கு. உள்ள என்ன இருக்குன்னு நான் எதை வெச்சு நம்பறது? ஏத்த முடியாது."

"ஃபோட்டோ இருக்கு, காட்டறேன்..."

"ஃபோட்டோவைக் கப்பல்ல ஏத்தலாம். பாட்டிலை ஏத்த முடியாது."

அப்பா நடுவில் வந்து, "நான் அப்பவே சொன்னேன், நிக்க வெச்சிருக்கணும்" என்றார். சின்னவள் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி பாஸ்போர்ட்டைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குள் வரிசை நெருங்கி, மாமா வந்துவிட்டார். பின்னாலேயே அக்கா, சம்பந்தி, சம்பந்தியம்மா. மாமாவின் கண் நேராகப் பாட்டிலுக்குப் போயிற்று. ஒன்றை எடுத்தார். அந்த ஸ்டிக்கரைப் படித்தார். கட்டை விரலால் அதன்மேல் ஒருமுறை தேய்த்தார். மேஜையிலேயே திருப்பி வைத்தார். திட்டியிருந்தால்கூட சின்னவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் இல்லை மாமா. சத்தியமா நான் பத்திரமாத்தான் கட்டினேன். அம்மாதான்."

"என்ன அது?" என்று கேட்டார் சம்பந்தி. உயரமான மனிதர், குரல் அதைவிட உயரம்.

அதிகாரிதான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "ஒயினாம் சார். லேபிளைக் கழட்டிட்டாங்களாம்."

சம்பந்தி மகனைப் பார்த்தார். "உன்னுதா?"

"ஆமாப்பா."

"எதுக்குக் கழட்டினே?"

"நான் கழட்டலை."

அம்மாவுக்கு இனி தப்பிக்க வழியில்லை. குரலை இறக்கி, சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "நான்தாங்க. லேபிள்ல மாப்பிள்ளை பேரு கொட்டை எழுத்துல இருந்துது. நாலு பேர் பார்த்தா நம்ம குடும்பத்துக்குத்தானே கேவலம். உங்களுக்கும்தான் இந்தத் தொழில் பிடிக்காதே. அதான் ஊற வெச்சு எடுத்துட்டேன்."

"நானா இருந்தா பாட்டிலையே மாத்தியிருப்பேன்" என்று சம்பந்தியம்மா தலையாட்டினார். இரண்டு அம்மாக்களுக்கும் ஒரு நொடியில் அப்படி ஒரு ஒற்றுமை.

ஆனால் சம்பந்தியின் முகம் வேறு மாதிரி போயிருந்தது.

"என் பையன் பேரையா?"

"இல்லைங்க, நான் என்ன சொல்றேன்னா..."

"என் பேரோட முதலெழுத்தும் அதுலதானே இருந்திருக்கும்? அதையும் சேர்த்தா ஊற வெச்சீங்க?"

"நீங்களே வாயால எத்தனை தடவை..."

"நான் சொல்லுவேன். நான் அவன் அப்பா. நான் ஆயிரம் சொல்லுவேன். நாலு பேர் பார்த்தா என்னம்மா கேவலம்? திருடினானா? பொய் சொன்னானா? பொய் எழுதி ஒட்டினது நீங்க!"

வரிசை சுவாரசியமாகக் கழுத்தை நீட்டியது. அதிகாரி பொறுமை இழந்து மேஜையைத் தட்டினார்.

"சார், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. ரெண்டே வழிதான். இங்கேயே கொட்டிடலாம். இல்லைன்னா கிடங்குல வெச்சுட்டுப் போங்க, திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்."

"கிடங்கு" என்றார் மாமா.

அதிகாரி ஒரு ஒட்டுச்சீட்டை எடுத்து, சின்னவளின் பயணச்சீட்டைப் பார்த்து, அவள் பெயரை எழுதத் தொடங்கினார்.

"அது யாரு பேரு?" என்றார் சம்பந்தி.

"கொண்டுவந்தவங்க பேரு சார்."

"கொண்டுவந்தது அந்தப் பொண்ணு. செஞ்சது என் பையன். அவன் பேரைப் போடுங்க."

"கொண்டுவந்தவங்க பேருதான் போடணும். விதி."

"சரி, அதையும் போடுங்க. பக்கத்துல அவன் பேரையும் போடுங்க."

"ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு சார்."

"அப்போ பின்பக்கம் எழுதுங்க."

"பின்பக்கம் பசை சார்."

"பசை மேல பேனா எழுதாதா?"

மாமா அப்பாவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது, மூடத் தோன்றவில்லை. அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி இன்னும் விடுவதாக இல்லை, மேலதிகாரி யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பாட்டில்களும், தயாரித்தவருக்குச் சம்பந்தமே இல்லாத சின்னவளின் பெயரைச் சுமந்துகொண்டு, ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஏறிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டன. அந்தப் பெயரிலும் ஓர் எழுத்துப் பிழை.

உடையவே இல்லையே, ஒரு கீறல்கூட இல்லையே என்று யாராவது ஒருவர் சொல்வார்களா என்று சின்னவள் எல்லார் முகத்தையும் பார்த்தாள். ஒருவரும் அவள் பக்கமே திரும்பவில்லை. மேஜை மேல் பரப்பிக் கிடந்த துவாலைகளையும் குமிழ் பிளாஸ்டிக்கையும் அள்ளிப் பைக்குள் திணித்தாள். ஒழுங்காக மடிக்கக்கூட மனம் வரவில்லை.

அம்மா மெல்லப் பக்கத்தில் வந்து நின்றாள். சம்பந்தி சண்டை போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சின்னவளின் காதருகே குனிந்தாள்.

"பார்த்தியாடி? நான் மட்டும் அதைக் கழட்டலைன்னா, அந்த மனுஷன் வாயிலேர்ந்து இப்படி ஒரு வார்த்தை வந்திருக்குமா?"

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று சின்னவளுக்கே பயமாக இருந்தது. பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் அப்பாவின் காலுறையைக் கடித்துக்கொண்டு நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"தள்ளு, உனக்கு மூடத் தெரியலை" என்று அம்மா கை நீட்டினாள்.